பனிக்காலத்தில் ஆயில் இஞ்சின்களைப் பேணும் முறை

கடலூர் ஜில்லாவில் மார்கழியும் தையும் இஞ்சின்களுக்கு ஓய்வளிக்கும் மாதங்கள் அல்ல. மார்கழிப் பட்டத்து நிலக்கடலைக்கு உழவும் இறைப்பும் அப்பொழுதுதான் நடைபெறுகின்றன. நெல்லிக்குப்பம் ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் விடியுமுன்னே புறப்படுகின்றன. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சம்பா வயல்களிலோ, பின்மழை பெய்துவிட்டால், நீரைப் பாய்ச்சுவதற்கு மாறாகத் தேங்கிய நீரை இறைத்து வெளியேற்றுவதற்கே பம்பு வேண்டியதாகிறது. ஆயினும் 'இஞ்சின் பிடிக்கவில்லை' என்னும் முறையீடு மிகுதியாக எழுவதும் இம்மாதங்களில்தான். மெக்கானிக் வந்து சேருமுன் வீட்டுக்காரரே நோயையும் நிச்சயித்து விடுகிறார்: 'பனி அதிகம், அதனால்தான்.'

இந்த நிச்சயம் ஆராயத் தக்கது. தென்பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் இடையே கடலை அடுத்து அமைந்த மஞ்சக்குப்பத்தில், ஜனவரி மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிற்கும். விருத்தாசலம் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் அதனினும் சற்றுக் குறையலாம். நமது நாட்டின் தர நிர்ணயப்படி, குளிர்காலத்தில் விற்கப்படும் டீசல் 3 டிகிரி வரையில் ஓடும் தன்மையை இழக்கலாகாது. ஆகவே மஞ்சக்குப்பத்தில் டீசல் உறைந்து குழாயை அடைத்ததென்று சொல்வதற்கு இடமே இல்லை. இஞ்சினைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியாகி இரும்பைப் பிளந்ததென்பதும் இங்கு நிகழாது.

உண்மையான குளிர் என்ன செய்யும் என்பதை அறிய லடாக்கை நோக்க வேண்டும். லே நகரிலும் திராஸிலும் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு மிகவும் கீழே செல்லும். சாதாரண டீசலில் கரைந்திருக்கும் மெழுகு அங்கே பிரிந்து வெண்மையாகத் திரண்டு பில்டரை அடைத்துவிடும். இதன் பொருட்டே, மைனஸ் 33 டிகிரி வரையில் ஓடும் தன்மையுள்ள தனி டீசல் ஒன்று பானிப்பட்டுச் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கப்பட்டு, 2019-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் லடாக்கில் விற்பனைக்கு வந்தது. 1941-ம் வருஷக் குளிர்காலத்தில் மாஸ்கோ நகரின் முன்னே ஜெர்மானியப் படையினர் தங்கள் வண்டிகளின் அடியில் நெருப்பு மூட்டி இஞ்சினைக் காய்ச்ச நேர்ந்தது. தமிழ்நாட்டிற்குள்ளேயே உதகமண்டலத்தில் உறைபனி விழும் இரவுகளில், கலப்பற்ற நீரை ரேடியேட்டரில் விட்டுவைப்பது அபாயம். நீர் உறையும்பொழுது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருத்து, வார்ப்பிரும்பையும் வெடிக்கச் செய்யும்.

கடற்கரை ஜில்லாவின் நிலை வேறு. இங்கே பனிக்காலத்தில் இஞ்சினைக் கெடுப்பது குளிரன்று, நீரே. அது மூன்று வழியாக வருகிறது: குளிர்விக்கும் குழாய் வழியே அளவுக்கு மிஞ்சி வருகிறது; பனி ஈரமாக எண்ணெய் டாங்கியினுள் இறங்குகிறது; புயலும் வெள்ளமும் நேர்ந்தால் இஞ்சின் முழுவதையும் மூழ்கடிக்கிறது. வெளிநாட்டுக் கைப்புத்தகங்களில் குளிர்காலத்துக்கென்று எழுதியுள்ளவற்றை அப்படியே கைக்கொள்வதால் இம்மூன்றில் ஒன்றும் தீராது.

மூலையில் கிடக்கும் இஞ்சின்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்து ஆண்டுகளில், கவலைக்கும் ஏற்றத்திற்கும் பதிலாக ஆயில் இஞ்சின் பம்புகளைச் சென்னை மாகாணத்தில் பரப்புவதற்கு ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி பெருமுயற்சி செய்தார். அக்காலத்து இஞ்சின்களுள் பல, தலைப்பாகத்திலுள்ள இரும்புக் குமிழை விளக்குச் சுவாலையால் நன்கு காய்ச்சிய பின்னரே ஓடத் தொடங்கும். காலைதோறும் விளக்கேற்றிக் காத்திருந்த அக்காலத்து விவசாயிக்கு, இஞ்சின் என்பது சூட்டினால் உயிர்பெறும் பொருள் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னர், காற்றை அழுத்துவதனாலேயே சூடு உண்டாக்கும் டீசல் இஞ்சின்கள் பரவின. 1946-ம் வருஷத்தில் பூனாவில் கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின் கம்பெனி தொடங்கப்பட்டது. ராஜ்கோட்டில் வார்க்கப்பட்ட 'லிஸ்டர்' வகை மந்தகதி இஞ்சின்கள் எங்கும் விற்பனையாயின. அதன்பின் மின்சாரம் வந்தது. 1990-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் விவசாயத்திற்கு அது இலவசமாகவும் ஆயிற்று. மோட்டார் இணைப்புப் பெற்ற கிணறுகளில் ஆயில் இஞ்சின் கொட்டகையின் மூலைக்கு ஒதுக்கப்பட்டு, அதன்மேல் சாக்கும் கயிறும் அடுக்கப்பட்டன.

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி காலை, மார்கழி மத்தியில், 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மின் கம்பங்களையும் சாய்த்தது. சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. குடிநீர்த் தொட்டியை நிரப்புவதற்கு ஜெனரேட்டர் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டது. அந்நாட்களில் கொட்டகை மூலையிலிருந்த பழைய இஞ்சின் ஓடிய வீட்டிற்கும் ஓடாத வீட்டிற்கும் இருந்த வேற்றுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலக்கடலை நட்டமாயிற்றா பிழைத்ததா என்பது மட்டுமன்றி, மாட்டுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதும் அதனாலேயே நிர்ணயமாயிற்று.

ஆதலால் மின்சார மோட்டார் உள்ள விவசாயியும் தம் பழைய இஞ்சினைப் பழைய இரும்பென்று கருதலாகாது. ஆனால் ஆண்டு முழுவதும் தொடாமல் விட்டுப் புயலன்று ஹாண்டிலைச் சுழற்றினால் அது பிடிக்குமென்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

குளிர்ந்த காலையில் கிளப்புதல்

டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்குவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. உள்ளே புகும் காற்று 35 டிகிரியாயிருப்பதற்குப் பதில் 20 டிகிரியாயிருந்தால், சுருங்கிய காற்றின் சூடு ஏறக்குறைய முப்பது நாற்பது டிகிரி குறையும். எண்ணெய் பற்றுவதற்கு வேண்டிய சூட்டைக் காட்டிலும் அது இன்னும் மிகவும் உயர்ந்தே நிற்பதால், சீரான இஞ்சினுக்கு இக்குறைவு ஒரு பொருட்டன்று. ரிங் தேய்ந்து, வால்வு சரியாகப் பொருந்தாமல், நாசில் எண்ணெயைப் புகைபோல் தெளியாது துளித்துளியாகச் சொட்டும் இஞ்சினுக்கோ அது பெரிய குறை. சித்திரையில் எப்படியோ பிடித்துவந்த இஞ்சின் மார்கழியில் பிடிக்க மறுத்தால், நோய் மார்கழியில் வந்ததன்று. முன்னமே இருந்த நோய் மார்கழியில் வெளிப்பட்டது.

இதை விவசாயி தாமே சோதித்தறியலாம். காற்றுப் புகும் வழியில் ஒரு தேக்கரண்டி அளவு மசகெண்ணெய் விட்டு, டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கியபடி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியபின் கிளப்பிப் பார்க்க வேண்டும். அப்பொழுது உடனே பிடித்தால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்ததனாலேயே பிடித்ததென்று அறியலாம். ரிங்கும் லைனரும் மாற்றுங்காலம் நெருங்கியது. எண்ணெய் விட்டும் பயனில்லையெனில் வால்வையும் நாசிலையும் பார்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடுதல் கூடாது. பிஸ்டனின் தலைக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடம் மிகச் சிறியது. அங்கே நிறைந்த எண்ணெய் சுருங்காது, இரும்புதான் வளையும்.

கையினால் சுற்றும் இஞ்சினில் லிவரைத் தூக்கிவைத்து, சக்கரம் நல்ல வேகம் பிடித்தபின்னரே அதை இறக்க வேண்டும். மெல்லச் சுற்றினால், சுருங்கும் காற்று தேய்ந்த ரிங் வழியே நழுவிவிட நேரம் கிடைத்து, உண்டாக வேண்டிய சூடு உண்டாகாது. ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்தல் வேண்டும். பின்னுதை உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பெரும்பாலும் கட்டைவிரலை மடக்கிப் பிடித்தவர்களே. பாட்டரியால் கிளம்பும் டிராக்டரில் கிளச்சை மிதித்தே ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். கியர்ப் பெட்டியிலுள்ள தடித்த எண்ணெயைக் கலக்கும் சுமை அதனால் நீங்கும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல், ஒரு நிமிஷம் நிறுத்திப் பின் முயல்க. முனையில் பச்சைப் பொடி படர்ந்த பாட்டரி, கடற்காற்று வீசும் ஊர்களில் சாதாரணக் காட்சி. வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாஸலின் தடவினாலே பாதிக் குறை தீரும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திக் காற்றுக் குழாயின் முன் நீட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மாஸ்கோவில் வேறு கதியற்றவர்கள் செய்ததை வைக்கோற்போருக்குப் பக்கத்தில் செய்வது எத்தகைய அறிவு என்பதை அவரவரே ஆலோசிக்கலாம். நீர்த் தொட்டியில் இரண்டு குடம் வெந்நீர் ஊற்றுவது அதனினும் பயனுள்ளது; செலவும் விறகுச் செலவே.

மசகெண்ணெய் டப்பாவின்மேல் '20டபிள்யூ-40', '15டபிள்யூ-40' என்று அச்சிட்டிருப்பதைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. 'டபிள்யூ' என்னும் எழுத்து ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயிருந்தால் கடுங்குளிரிலும் எண்ணெய் இளகியோடும். இவ்வட்டாரத்துக் குளிருக்கு இரண்டும் பொருந்தும். இஞ்சின் செய்தவர் கைப்புத்தகத்தில் எதைக் குறித்துள்ளாரோ அதை வாங்குவதே முறை.

இஞ்சினுக்குள் உண்டாகும் குளிர்

வானத்திலிருந்து வரும் குளிரைப்பற்றி இவ்வளவு பேசும் விவசாயிகள், தாமே குழாய் வைத்து இஞ்சினுக்குள் செலுத்தும் குளிரைக் கவனிப்பதில்லை. பம்பு செட்டுகளில் பெரும்பாலும், பம்பு வெளித்தள்ளும் நீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரித்து, இஞ்சினைச் சுற்றியுள்ள நீர் உறைக்குள் விட்டு, மறுபுறம் வாய்க்காலில் விழச் செய்கிறார்கள். கிணற்று நீர் 28 அல்லது 30 டிகிரி சூடே உள்ளது. அது முழு வேகத்தில் பாய்ந்து உடனே வெளியேறுவதால், இஞ்சினின் உருளை எப்பொழுதும் கைபொறுக்கும் சூட்டிலேயே நின்றுவிடுகிறது. 'எங்கள் இஞ்சின் எட்டு மணி நேரம் ஓடினாலும் சூடேறுவதில்லை' என்று சிலர் பெருமை கூறுவர். அஃது இஞ்சினின் நலத்திற்கு அறிகுறியன்று.

ஒரு லிட்டர் டீசல் எரியும்பொழுது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றோடு கூடி ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உண்டாக்குகிறது. சூடான இஞ்சினில் அந்நீர் ஆவியாகப் புகைக் குழாய் வழியே போய்விடும். உருளையின் சுவர் குளிர்ந்திருந்தால், குளிர்ந்த சொம்பின்மேல் வியர்ப்பது போல் ஒரு பகுதி சுவரில் படிந்து, ரிங் வழியே கீழிறங்கி மசகெண்ணெயோடு கலக்கும். எரியாத டீசலும் அவ்வாறே கீழிறங்கும். எண்ணெய் இளகிக் கறுத்துக் களியாகும். லைனர் துருவேறித் தேயும். அளவுக்கு மேல் டீசல் செலவாகும். 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாது. ஆகையால் முன்போல் அந்நீர் கந்தகத் திராவகமாக மாறி அரிப்பது மிகவும் குறைந்தது. ஆனால் நீர் குறையவில்லை.

பரிகாரம் எளிது. இஞ்சினை விட்டு வெளியே விழும் நீர் 60 முதல் 70 டிகிரி சூட்டில் இருக்குமாறு, உள்ளே வரும் குழாயில் ஒரு வால்வு பொருத்திச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்த வேண்டும். விரலால் பார்ப்பதைவிட ஒரு தெர்மாமீட்டர் வாங்குவதே நல்லது. அந்தச் சூடு விரலைப் புண்ணாக்கக் கூடியது. வால்வை அளவுக்கு மீறி மூடினால் நீர் கொதித்து ஆவியடித்து இஞ்சின் இறுகிவிடும். ஆதலால் முதல் நாள் அரைமணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்து, சரியான இடத்தில் வால்வின்மேல் கோடு கிழித்து வைக்க வேண்டும். இதனினும் சிறந்தது, 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்றை இஞ்சினுக்குச் சற்று உயரத்தில் நிறுத்தி, மேலும் கீழும் குழாய் இணைத்துவிடுவது. சூடான நீர் தானே மேலேறிக் குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும். கடலோரத்து உவர்நீர்க் கிணறு உள்ளவர்களுக்கு இவ்வேற்பாடு மிகவும் அவசியம். உப்பு நீரை நாள்தோறும் உறைக்குள் பாய்ச்சினால் உள்ளே உப்புக்காரை கட்டி, முதலில் குளிர்ந்து கெட்ட இஞ்சின் பின்னர் சூடேறிக் கெடும்.

டிராக்டரின் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை அல்லது சிவப்பு நிறக் 'கூலண்ட்' உறைபனி நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. அது துருவைத் தடுப்பதாலும் நீரின் கொதிநிலையை உயர்த்துவதாலும் இங்கும் வேண்டுவதே. அதிலுள்ள கிளைக்கால் இனிப்பாயிருப்பதால் நாயும் கன்றும் நக்கும்; நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். வடித்த பழைய கூலண்டைத் தொழுவத்தருகே கொட்டுதல் பெருந்தவறு.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டுவது ஒன்று. மூலையிலுள்ள இஞ்சினை வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவதே பராமரிப்பென்று நினைப்பவர் உண்டு. ஐந்து நிமிஷத்தில் இஞ்சின் சூடேறாது. உள்ளே படிந்த நீர் ஆவியாகாமல் தங்குமாதலால் அத்தகைய ஓட்டம் ஓட்டாமலிருப்பதைவிடக் கெடுதல். மாதம் ஒருமுறையாயினும் பம்போடு இணைத்துச் சுமையேற்றி முக்கால் மணி நேரம் ஓட்டுவதே பயன் தரும். மசகெண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்போல் வெளிறிய ஆடை காணப்பட்டால், உள்ளே நீர் சேர்ந்துள்ளதென்று கொள்ளலாம். அளவுக் குச்சியில் எண்ணெய் தானாகவே உயர்ந்திருந்தாலும் மகிழ வேண்டுவதில்லை; டீசலோ நீரோ கலந்திருக்கிறது.

டாங்கியில் இறங்கும் பனி

பாதி டாங்கி டீசலும் பாதி டாங்கி காற்றுமாக இரவெல்லாம் விட்டுவைத்தால், பகலில் விரிந்து வெளியேறிய காற்றுக்குப் பதில் இரவில் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. விடியற்காலையில் அவ்வீரம் தகட்டின்மேல் முத்துமுத்தாகப் படிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் சென்று தங்குகிறது. கடற்கரையில் காற்றின் ஈரம் மிகுதியாதலால் இங்கே இது விரைவாக நடைபெறும். நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோல் திரண்டு பில்டரை அடைக்கும். 'டீசல் உறைந்தது' என்று சிலர் காட்டும் வழவழப்பான பொருள் பெரும்பாலும் இதுவே.

மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைக்க வேண்டும், காலையில் அன்று. பில்டரின் அடியிலுள்ள திருகை வாரம் ஒருமுறை தளர்த்தி, முதலில் வரும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்து, தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். பீப்பாயில் சேமிப்போர் அதைச் சற்றே சாய்த்து வைத்து, தாழ்ந்த பக்கத்து அடியிலிருந்து எடுக்காமல் மேற்பகுதியிலிருந்து எடுத்தல் நலம். மேல்நோக்கி நிற்கும் புகைக் குழாயின் வாயில் கொட்டாங்கச்சி கவிழ்க்கும் பழைய வழக்கம் மிகவும் நல்லது. ஒரு நாள் மறந்தாலும் ஐப்பசி மழை நேரே உருளைக்குள் இறங்கிவிடும்.

மருந்துத் தெளிப்பான், களையெடுக்கும் கருவி, மரம் அறுக்கும் வாள் முதலிய பெட்ரோல் கருவிகளுக்கு வேறொரு கவலை உண்டு. இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. கரும்பு விளைவிக்கும் ஜில்லா இதற்கு வருந்த நியாயமில்லை! எனினும் எத்தனால் நீரை விரும்பி இழுக்கும் இயல்புடையது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால், குளிர்ந்த இரவில் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் முதலில் இழுப்பது அந்த அடிக்கலவையையே. ஆகவே பருவம் முடிந்து எடுத்து வைக்கும் கருவியில் பெட்ரோலை விட்டு வைக்காமல் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்ட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய இஞ்சின்

2015-ம் வருஷம் நவம்பரில் இந்த ஜில்லாவில் பெய்த பெருமழையும், 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய 'பெஞ்சல்' புயலை அடுத்து, சாத்தனூர் அணை நீரோடு டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும், கரையோரத்துக் கொட்டகைகளைச் சேறாக்கிச் சென்றன. வெள்ளம் வடிந்ததும் மூழ்கிய இஞ்சினை முதலில் செய்யத் தோன்றுவது, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று கிளப்புவது. பழுது பார்க்கக் கூடிய இஞ்சினைப் பழுது பார்க்கவொண்ணாததாக ஆக்குவதற்கு இதனினும் உறுதியான வழி இல்லை. உருளைக்குள் உள்ள நீர் காற்றைப்போல் சுருங்காது. பிஸ்டன் மேலேறும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும், அல்லது முறியும். டிராக்டராயின் சாவியைத் திருப்புவதும் ஆகாது. பாட்டரிக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். நனைந்த டிராக்டரை மற்றொரு வண்டியால் இழுத்துக் கிளப்ப முயல்வதும் அதே கேட்டைத் தரும்.

நாசிலைக் கழற்றி, உருளையின் வாய் திறந்த நிலையில், சக்கரத்தைக் கையினால் மெல்லச் சுற்றினால் நீர் பீறிட்டு வெளியேறும். பிறகு ஒவ்வோர் உருளைக்குள்ளும் சிறிது மசகெண்ணெய் விட்டு மீண்டும் சுற்ற வேண்டும். இது முதல் நாளே செய்யத் தக்கது. சேற்று நீரில் லைனர் துருப்பிடிக்க ஓரிரு நாள் போதும். மெக்கானிக் வரும்வரை ஒன்றும் செய்யாதிருந்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். அடித்தொட்டி எண்ணெயை அடுத்தபடி வடிக்க வேண்டும். முதலில் நீரும் பின் எண்ணெயும் வரும். புது எண்ணெய் ஊற்றி, பில்டர் மாற்றி, சிறிது நேரம் ஓட்டியதும் அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். ஒருமுறை மாற்றியதோடு நின்றவர்கள் சேற்றுத் துகளைப் பேரிங்குகளுக்கு உணவாக அளித்தவராவர். டாங்கி, டீசல் குழாய், காற்றுச் சல்லடை ஆகியவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டிராக்டரில் கியர்ப் பெட்டியும் பின்னச்சும் மூச்சுத் துளை வழியே நீர் இழுத்திருக்கும். அவற்றின் எண்ணெய் மோர் நிறமாயிருந்தால் அதையும் மாற்றுதல் வேண்டும். செலவு பெரிதாகத் தோன்றலாம். புதிய கிராங்க் ஷாப்டின் விலையைக் கேட்டபின் அவ்வாறு தோன்றாது.

மூழ்கிய மின்சார மோட்டாரையும் வெயிலில் ஒரு நாள் காட்டிவிட்டு இணைப்பது தவறு. மேலே காய்ந்து தோன்றினாலும் கம்பிச் சுற்றினுள் ஈரம் நிற்கும். நல்ல நீரில் சேற்றைக் கழுவி, மிதமான சூட்டில் பல நாள் உலர்த்தி, மெக்கர் கொண்டு சோதித்த பின்னரே இணைக்க வேண்டும்.

மூடிய கொட்டகையும் ஜெனரேட்டரும்

மழைக்கும் குளிருக்கும் அஞ்சிக் கொட்டகையின் கதவையும் சாளரத்தையும் அடைத்துவிட்டு இஞ்சின் ஓட்டுவது உயிருக்கு அபாயம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. தலைவலியும் தூக்கமும் வந்ததை மனிதன் களைப்பென்று நினைத்துப் படுத்துவிடுவான், எழமாட்டான். நீர்மட்டம் தாழ்ந்த கிணறுகளில் சிறு பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டுவோர் இதனினும் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர். புகை அங்கே தேங்கிவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இஞ்சின் மேலேயே நிற்க வேண்டும். புகைக் குழாய் சுவருக்கு வெளியே நீள வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஐப்பசி பிறக்குமுன், தம் கிராமத்தில் ஓடும் நிலையிலுள்ள ஆயில் இஞ்சின்கள், ஜெனரேட்டர்கள், டிராக்டர்கள், மரம் அறுக்கும் வாள்கள் இவை எவரிடம் உள்ளன, குதிரைச் சக்தி எவ்வளவு, பம்பு எத்தனை அங்குலம், கடைசியாகச் சுமையோடு ஓட்டிய தேதி யாது என்று ஒரு ஜாபிதா எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்றும் ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒன்றுமாக வைப்பது மிகவும் உபயோகமாகும். கடைசித் தேதிக்கு எதிரே இடம் காலியாயிருந்தால், அவ்வுடைமையாளர் முன்னிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலன்றி அந்த இஞ்சினைக் கணக்கில் சேர்க்கலாகாது. மின்சாரம் நின்றால் பெட்ரோல் பங்க்கும் நிற்கக் கூடுமாதலால், ஊராட்சி ஜெனரேட்டருக்கு மூன்று நான்கு நாளைக்கு வேண்டிய டீசலை வடிகட்டி, மூடி இறுக்கிய கலத்தில் நிழலில் வைத்திருத்தல் வேண்டும்.

குடிநீர்த் தொட்டி மோட்டாருக்கோ வீட்டிற்கோ ஜெனரேட்டரை இணைக்கும்பொழுது, மின்வாரியக் கம்பியை முற்றிலும் துண்டித்து மாற்றும் இருவழிச் சுவிட்சு இல்லாமல் இணைக்கவே கூடாது. அது இல்லையேல் ஜெனரேட்டரின் மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறி, டிரான்ஸ்பார்மரில் உயர்ந்த அழுத்தமாக மாறி, மின்சாரமில்லையென்று நம்பிக் கம்பத்தின் மேலிருந்து வேலை செய்யும் ஆளின் கையைச் சென்றடையும். அந்தச் சுவிட்சு பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே ஜாபிதாவில் ஒரு கட்டமாகச் சேர்த்துக் கொள்ளலாம்.